அப்பத்தாவுக்கும் கேட்கணும்! டிவி, ஸ்பீக்கர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

திண்டுக்கல் நாகல் நகரிலோ பேகம்பூரிலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடுதான். அப்பா நூற்பாலையில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே தையல். மகள் கல்லூரி, மகன் எட்டாம் வகுப்பு. ஹாலில் கட்டில் போட்டு எழுபத்தைந்து வயது அப்பத்தா. போனஸ் வந்திருக்கிறது, சீட்டும் எடுத்தாகிவிட்டது. கையில் 40,000 ரூபாய். பழைய டிவி படுத்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

மகனுக்கு 55 இன்ச் வேண்டும். மகளுக்குப் பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும். அப்பாவுக்கு வூஃபர் அதிர வேண்டும். அம்மாவுக்கு இஎம்ஐ கூடாது. அப்பத்தாவை யாரும் கேட்கவில்லை. பழைய டிவி ஓடிய கடைசி ஒரு வருடமாகவே அவர் சீரியல் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். “என்னய்யா சொல்றான்? ஒண்ணும் வெளங்கலையே” என்று இரண்டு முறை கேட்பார், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவருக்கு டிவி சலித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த வீட்டுக்கு எதை வாங்குவது? இந்த வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

டிவி மெலிந்தது, சத்தமும் மெலிந்தது

2006-ல் தமிழக அரசு வீடு வீடாக இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். 14 இன்ச் பெட்டி. படம் சின்னதுதான், ஆனால் வசனம் தெளிவாகக் கேட்கும். காரணம், அந்தக் காலத்துப் பெட்டியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் முன்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் காற்று அசைய இடமும் இருக்கும்.

இன்றைய எல்இடி டிவி விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை. பெரும்பாலான மாடல்களில் அது கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருக்கிறது. சத்தம் சுவரிலும் ஷோகேஸிலும் மோதிவிட்டுத்தான் காதுக்கு வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய படங்களின் ஒலி, தியேட்டருக்காக 5.1 சேனலிலோ அதற்கு மேலோ கலக்கப்படுகிறது. அதில் வசனத்துக்கென்றே நடுவில் தனி சேனல் இருக்கிறது. இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அத்தனையையும் இரண்டுக்குள் அடைக்கும்போது, பின்னணி இசையும் வெடிச் சத்தமும் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

மூன்றாவது காரணம் அப்பத்தாவின் வயது. முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் அதிர்வு ஒலிகளை. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ் அதிர்வில் இருப்பதால் அது கேட்டுவிடும். ச, ஸ, த, ட போன்ற மெய்யொலிகளின் கூர்மை உயர் அதிர்வில் இருக்கிறது, அது மங்கிவிடும். அதனால்தான் பெரியவர்கள், “சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் தெரியல” என்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

இப்போது அப்பா கேட்கும் வூஃபரை யோசித்துப் பாருங்கள். வூஃபர் தருவது தாழ் அதிர்வு. அதைக் கூட்டக் கூட்ட, அப்பத்தாவுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விடும். வால்யூமைக் கூட்டினாலும் இதே கதைதான்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் தையல் டேப்பை எடுத்து, உட்காரும் இடத்திலிருந்து டிவி மாட்டும் சுவர் வரை அளக்க வேண்டும். இந்த வீட்டில் 8 அடி, அதாவது 96 இன்ச் என்று வைத்துக்கொள்வோம்.

திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 4கே படம் நன்றாகத் தெரியும். 55 இன்ச் என்றால் ஏறத்தாழ 7 முதல் 9 அடி. 43 இன்ச் என்றால் ஐந்தரை முதல் 7 அடி. 8 அடி ஹாலுக்கு 55 பொருத்தம்தான், மகன் கேட்பதில் தப்பில்லை.

ஆனால் அந்த டிவியில் என்ன ஓடப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பகல் முழுக்கக் கேபிளில் சாதாரண எஸ்டி சேனல் ஓடும் வீட்டில் பெரிய திரை வாங்கினால், முகங்கள் எல்லாம் நனைந்த பேப்பர் மாதிரி மங்கலாகத் தெரியும். எஸ்டி படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள குறைகளும் சேர்ந்தே பெரிதாகும். கேபிளும் ஓடிடியும் பாதிக்குப் பாதி என்றால் 43 இன்ச் நல்ல நடுநிலை. டிவி பெட்டியில் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். 32 இன்ச் என்பது 80, 43 என்பது 108 அல்லது 109, 55 என்பது 138 முதல் 140.

உயரத்தையும் மறக்க வேண்டாம். சாமி படம் மாட்டுவதுபோல மேலே மாட்டினால் கழுத்து வலிக்கும். உட்கார்ந்தால் கண் மட்டம் திரையின் நடுவுக்கு ஏறக்குறைய நேராக வர வேண்டும். அப்பத்தா கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பவர் என்றால், அவர் தலையணை இருக்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சுவரில் ஓட்டை போட வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

ஹெச்டி ரெடி என்றால் பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள். ஃபுல் ஹெச்டி என்றால் 1920 × 1080. 4கே என்றால் 3840 × 2160. “4கே சப்போர்ட்” என்று எழுதியிருந்தால் உஷார். 4கே வீடியோவை அந்த டிவி வாங்கிக்கொள்ளும், ஆனால் திரை 4கே இல்லாமல் இருக்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பேனல் ரெசல்யூஷன் என்ன?”

ஹெச்டிஆர் என்ற எழுத்தும் அப்படித்தான். ஹெச்டிஆர் படத்தின் பளிச்சைக் காட்டத் திரைக்கு வெளிச்சம் வேண்டும். விலை குறைந்த டிவிகளில் அந்த வெளிச்சம் இருக்காது. அதற்காகத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது சாஃப்ட்வேர். கூகுள் டிவி, அல்லது கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி என்றால் ஆப்களும் அப்டேட்களும் முறையாக வரும். வேறு சில கம்பெனிகள் தங்கள் சொந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கின்றன, அவையும் நல்லவையே. சிக்கல் எங்கே என்றால், சான்று பெறாத ஆண்ட்ராய்டை உள்ளே வைத்து “ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு” என்று விற்கும் மலிவு டிவிகளிலும் பாக்ஸ்களிலும். அவற்றில் சில ஓடிடி ஆப்கள் வரவே வராது. வந்தாலும் படம் எஸ்டி தரத்துக்கு மேல் ஏறாது. ‘வைட்வைன்’ என்ற பாதுகாப்பு முறையில் எல்1 என்ற நிலை இல்லாத கருவிக்குப் பெரும்பாலான ஓடிடி நிறுவனங்கள் ஹெச்டி தருவதில்லை.

பாதுகாப்புக் கவலையும் உண்டு. பேர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைரஸ் புகுத்தப்பட்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அந்த வலைப்பின்னலுக்கு ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயர். வீட்டு வைஃபையில் அப்பாவின் பேங்க் ஆப்பும் ஓடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 8 ஜிபியாவது இருக்கட்டும். 16 ஜிபி என்றால் இன்னும் நல்லது. ரேம் 1 ஜிபி என்றால் இரண்டாம் வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

பழைய டிவியின் திரை நன்றாக இருக்கிறது, ஸ்மார்ட் வசதி மட்டும் இல்லை அல்லது மந்தமாகிவிட்டது என்றால் புது டிவியே தேவையில்லை. ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் போதும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் அதே டிவி ஸ்மார்ட் ஆகிவிடும். மிச்சமாகும் பணம் ஸ்பீக்கருக்கு.

நெட் வேகம்: எவ்வளவு போதும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது. சாதாரண ஹெச்டிக்கு 3 எம்பிபிஎஸ், ஃபுல் ஹெச்டிக்கு 5, 4கேவுக்கு 15. ஒரே நேரத்தில் டிவி ஓட, மகள் போனில் பாட்டு கேட்க, மகன் கேம் விளையாட என்று வைத்தாலும் 40, 50 எம்பிபிஎஸ் பிளான் தாராளம்.

வேகம் இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, லாஃப்டிலோ ஒளிந்திருக்கும். வைஃபை அலைக்கு இரும்பைப் போல எதிரி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. டிவி இருக்கும் ஹாலிலேயே ரவுட்டர் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது லேன் கேபிள். டிவி இடம் மாறப்போவதில்லை, ஒயர் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்துக் கிராமங்களில் ஃபைபர் லைன் வராத தெருக்களில் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அவர்களுக்கு டேட்டா கணக்கு முக்கியம். ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழரை ஜிபி. நடுத்தரத் தரத்தில் வைத்தால் மணிக்கு 0.7 ஜிபி. அதே படம் ஒன்றே முக்கால் ஜிபியில் முடிந்துவிடும், தினசரி 2 ஜிபி பேக்குக்குள் அடங்கும். ஆப்பின் செட்டிங்ஸில் இதை ஒருமுறை மாற்றி வைத்தால் போதும்.

மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு ஒரு தடவை மட்டும்தான்.

ஓடிடி பிளானையும் பார்த்து எடுங்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் டிவியில் ஓடாது, 4கே வேண்டுமென்றால் அதன் உச்ச பிளான் எடுக்க வேண்டும். பிளானே ஹெச்டி என்றால் 4கே டிவியிலும் ஹெச்டிதான் வரும்.

சத்தத்துக்கு ஒரு பங்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைச் சத்தத்துக்கு ஒதுக்குங்கள். 40,000 என்றால் 8,000.

சவுண்ட் பார் வாங்கினால் டிவியில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் செருகுங்கள். மற்ற ஓட்டையில் செருகினால் டிவியின் சத்தம் பாருக்குப் போகாது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, அவர் வந்து ஒயரை மாற்றிச் செருகிவிட்டுப் போகும் கதை ஊரெங்கும் நடக்கிறது. ஏஆர்சி வழியாக இணைத்தால் பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே வால்யூமும் மாறும். அப்பத்தாவுக்கு ஒரு ரிமோட் போதும்.

டிவிக்கும் பாருக்கும் நடுவில் புளூடூத் வேண்டாம். சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். வாய் அசைந்து முடிந்தபின் வசனம் வந்தால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பெரியவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

கடையில் சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். “வசனம் வர்ற சீன் போடுங்கண்ணே” என்று கேளுங்கள். வால்யூமைக் குறைத்து வைத்துப் பேச்சு தெளிவாக வருகிறதா என்று பாருங்கள். டயலாக் மோட், வாய்ஸ் மோட், நைட் மோட் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். டயலாக் மோட் குரல் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். நைட் மோட் வெடிச் சத்தத்தைக் குறைத்து, மெல்லிய பேச்சை மேலே கொண்டுவரும். நடு சேனலுக்குத் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 வகை பார் பட்ஜெட்டுக்குள் வந்தால் வசனத்துக்கு அதுதான் ராஜா.

1,000 வாட்ஸ், 5,000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் பிஎம்பிஓ போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது ஒரு கணம் தாங்கும் உச்சத்தை வைத்து விளம்பரத்துக்காகப் போடும் எண். தொடர்ந்து தரும் சக்தி ஆர்எம்எஸ் என்ற எண்ணில் இருக்கும். 10-க்கு 12 அடி ஹாலுக்கு 40 முதல் 80 வாட்ஸ் ஆர்எம்எஸ் போதும்.

நம்மூர்களில் இன்னொரு வழியும் உண்டு. சவுண்டு சர்வீஸ்காரர்களும் ரேடியோ கடைக்காரர்களும் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டித் தரும் அசெம்பிள் செட். கைப்பக்குவம் உள்ளவர் செய்தால் அதே காசுக்குக் கம்பெனி செட்டைவிட நல்ல சத்தம் வரும், பழுதானால் தெருமுனையிலேயே சரிசெய்யலாம். ஆனால் அதில் ஏஆர்சி இல்லையென்றால், ரிமோட் இரண்டாகும். ஒயரிங் பாதுகாப்பாகச் செய்திருக்கிறாரா என்பதும் அவரவர் கைராசி.

ஹாலையும் கொஞ்சம் கவனியுங்கள். மொசைக் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர் என்றால் சத்தம் எதிரொலித்து வசனம் குழம்பும். மெல்லிய சுங்குடி திரைச்சீலை ஒலியைத் தடுக்காது. ஒரு கனமான ஜமுக்காளம், மெத்தை வைத்த திவான், கெட்டியான திரை இருந்தால் மாற்றம் தெரியும். செலவே இல்லாத ஒலித் தொழில்நுட்பம் இது.

காசே இல்லையென்றாலும் இன்று இரவே செய்யக்கூடியவை இரண்டு. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’, ‘நியூஸ்’, ‘ஸ்பீச்’ என எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். ஓடிடியில் தமிழ் சப்டைட்டில் இருந்தால் போடுங்கள், தினசரி பேப்பர் படிக்கும் அப்பத்தாவுக்கு அது எளிதுதான். இதற்கும் சரிவரவில்லை என்றால், அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும். டிவியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடலாம்.

பாட்டுக்கு டிவி தேவையில்லை

மகளின் ஸ்பீக்கருக்கு வருவோம். பாட்டு ஆப்களில் உயர் தரம் என்பது பெரும்பாலும் 320 கேபிபிஎஸ். ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்பி. படத்தோடு ஒப்பிட்டால் டேட்டா செலவே இல்லை. பாட்டுக்கு மட்டும் புளூடூத் தாராளமாகப் போதும், தாமதம் தெரியாது.

சவுண்ட் பாரிலேயே புளூடூத் இருக்கும். மகள் தன் போனை அதில் இணைத்தால், தனி ஸ்பீக்கர் வாங்கும் காசு மிச்சம். வீட்டில் தாத்தா காலத்து ஆம்ப்ளிபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னால் ஆக்ஸ் இன் ஓட்டை இருக்கும். அதில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரைச் செருகினால், அந்தப் பெட்டி இன்றைய பாட்டையும் பாடும்.

அப்பத்தாவுக்குப் பாட்டென்றால், ஆப் எதுவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகளை உள்ளேயே வைத்து வரும் சரிகம கார்வான் போன்ற பெட்டிகள் 2017 முதல் கிடைக்கின்றன. நெட் வேண்டாம், குமிழைத் திருகினால் பாட்டு. அதுவும் வேண்டாமென்றால் ஒரு நல்ல எஃப்எம் ரேடியோ. மலை உச்சியில் டவர் வைத்திருக்கும் கொடைக்கானல் வானொலியின் 100.5, திண்டுக்கல் சமவெளி முழுக்கச் சந்தா இல்லாமல் கேட்கிறது.

பென் டிரைவில் கல்யாண வீடியோ

காதுகுத்து, கல்யாண வீடியோவை ஸ்டூடியோவில் இப்போது பென் டிரைவில்தான் கொடுக்கிறார்கள். டிவியில் போட்டால் ஓடவில்லையா? பென் டிரைவ் ‘ஃபேட்32’ முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் அதில் ஏறாது. ‘எக்ஸ்ஃபேட்’ அல்லது ‘என்டிஎஃப்எஸ்’ முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துவையுங்கள். படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் டிடிஎஸ் முறையில் பதிந்த ஒலியாக இருக்கலாம். பல டிவிகளில் அதைப் படிக்கும் உரிமம் இல்லை. டிவி பழுது என்று பயப்பட வேண்டாம்.

இடி, கரன்ட், பில்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் நம் பக்கத்தில் டிவி போர்டு போவது வழக்கம். சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் பாக்ஸ் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் நேரடி இடிக்கு அதுவும் தாங்காது. இடி இடித்தால் கரன்ட் பிளக்கோடு கேபிள் ஒயர், டிஷ் ஒயர், லேன் ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இடி பெரும்பாலும் அந்த ஒயர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கரன்ட் பில் பயம் வேண்டாம். 100 வாட்ஸ் இழுக்கும் டிவி தினமும் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். அதே அளவு டிவியில் நட்சத்திர முத்திரை அதிகமுள்ளதை எடுத்தால் இதுவும் குறையும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 30,000 ரூபாய் டிவி என்றால் முன்பு 38,400, இப்போது 35,400. பில்லில் 18 சதவிகிதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் அம்மா கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. “ரொக்கமா குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க? பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு?” ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இஎம்ஐயில் கிடைக்கவில்லை என்றால், அதுதான் வட்டி. கிரெடிட் கார்டு இஎம்ஐயில் வட்டிப் பகுதிக்குத் தனியாக 18 சதவிகித ஜிஎஸ்டியும் ஏறும்.

துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில், டிவியின் சீரியல் நம்பர், வாரன்டி தேதி மூன்றும் வேண்டும். பில்லையும் பெட்டியின் ஸ்டிக்கரையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆன்லைனில் எந்த ஊர்க் கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

ஊர்ப் பெருமைக்கு ஒரு பூட்டு

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் ஊர்ப் பூட்டு. ஆனால் டிவிக்குப் பூட்டுப் போடத்தான் மறந்துவிடுகிறோம். வாங்கிய அன்றே ஓடிடி ஆப்களில் குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல் போட்டு, பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க பின் வையுங்கள். டிவியிலிருந்து ஏதாவது வாங்குவதற்கும் பின் கேட்கும்படி செய்யுங்கள். பின் நம்பராக வண்டி நம்பரையும் பிறந்த வருடத்தையும் வைக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது இரண்டு தெரியாதா என்ன?

கடைசியாக அந்த வீட்டின் பில்

விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் இந்த 40,000-த்தைப் பிரிக்கும் விதம் மாறாது. 43 இன்ச் 4கே டிவிக்கு 26,000. டயலாக் மோட் உள்ள சவுண்ட் பாருக்கு 8,000. சர்ஜ் பாக்ஸ், லேன் கேபிள், சுவர் ஸ்டாண்டு, மின்தடை நாளில் ரவுட்டரை ஓட்டும் சின்ன யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் 4,000. மிச்சம் 2,000 சந்தாவுக்கு. இஎம்ஐ இல்லை, அம்மாவுக்கு நிம்மதி. பாட்டு சவுண்ட் பாரில் கேட்கும், மகளுக்குச் சரி. வூஃபர் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், அப்பாவுக்கும் சரி.

மகனுக்குத்தான் 12 இன்ச் நஷ்டம். அதே 40,000-ஐ முழுசாக 55 இன்ச்சில் போட்டிருந்தால், அந்த ஹாலில் ஐந்து பேருக்குப் படம் தெரியும், நாலு பேருக்குத்தான் கதை புரியும். கடைக்குக் கிளம்பும்போது அப்பத்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். அவருக்குப் புரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.